ஒன்பதேகால் மணி வகுப்பின் பொருளிலக்கணம்

பாயிரம்

எல்லை, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகியவற்றை முன்னே சொல்லிவிட்டு நூலைத் தொடங்குவது நம் மரபு. இச்சிறு நூலின் எல்லை அமெரிக்க எபிஸ்கோப்பல் திருச்சபை. நுதலிய பொருள், ஞாயிறு காலை இரண்டு ஆராதனைகளுக்கு நடுவே அங்கே பெரியவர்களுக்காக நடக்கும் வகுப்பு. கேட்போர், இந்த வயதில் எனக்கென்ன வேதபாடம் என்று கேட்கிற எல்லாரும். பயன், கடைசி இயலில் வரும்.

எபிஸ்கோப்பல் திருச்சபை இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து வந்தது. அமெரிக்கா விடுதலை பெற்றபின், 1789இல் தனக்கென அமைப்பும் ஜெபப்புத்தகமும் வகுத்துக்கொண்டது. ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் அதுவும் ஓர் உறுப்பு. நம் தென்னிந்தியத் திருச்சபையும் ஓர் உறுப்பு. ஆகவே சிஎஸ்ஐ ஆலயத்தில் வளர்ந்த தமிழருக்கு அங்குள்ள ஆராதனை முறை அந்நியமாகத் தோன்றாது. திடப்படுத்தல் ஆராதனையோடு வேதபாடத்துக்கும் முழுக்குப் போட்டுவிடலாம் என்று எண்ணுகிறவர்கள் இரண்டு இடத்திலும் உண்டு. அந்த எண்ணம் தவறு என்று நிறுவவே இந்நூல்.

மேற்கோள்: சபையின் பெரியவர்கள் கூடியிருந்து கற்கும் நேரத்தில்தான் சபையின் ஊழியம் உருவாகிறது.

ஏது: 1979ஆம் ஆண்டு ஜெபப்புத்தகத்தின் பிற்பகுதியில் கேள்வி பதில் வடிவில் விசுவாசச் சுருக்கம் ஒன்று இருக்கிறது. திருச்சபையின் ஊழியர் யார் என்ற கேள்விக்கு அது தரும் விடையில் முதலில் வருபவர்கள் சபை மக்கள். பேராயரும் குருவானவரும் உதவிகுருவும் அவர்களுக்குப் பின்தான் வருகிறார்கள். ஊழியம் மக்களுடையது என்றால், அந்த ஊழியத்துக்கான கல்வியும் மக்களுக்கே உரியது.

முதற்பொருள்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பார் தொல்காப்பியர்.

பொழுது இருவகை. முதலாவது பெரும்பொழுது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் தொடங்கும் திருச்சபை ஆண்டே அது. அதில் கல்விக்கென்று சிறப்பாக அமைந்தது லெந்து காலம். ஈஸ்டரில் ஞானஸ்நானம் பெறவிருந்த வளர்ந்த ஆண்களையும் பெண்களையும் ஆதித் திருச்சபை அந்த வாரங்களில்தான் ஆயத்தப்படுத்தியது. நான்காம் நூற்றாண்டில் எருசலேமின் சிரில் அவர்களுக்கு வரிசையாகப் பாடம் நடத்தினார். 387ஆம் ஆண்டு ஈஸ்டரில் மிலான் நகரில் ஞானஸ்நானம் பெற்ற அகுஸ்தீன் அப்போது முப்பதைக் கடந்தவர், பேராசிரியராக இருந்தவர். அம்புரோஸ் பேராயரிடம் மாணவராகத் தம் பெயரைப் பதிந்துகொண்டவர். பெரியவர்களின் வகுப்பு அண்மைக் காலத்தில் முளைத்த ஏற்பாடு என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும். திருச்சபை முதன்முதலில் நடத்திய பள்ளியே பெரியவர்களுக்கானது. இன்றும் எபிஸ்கோப்பல் சபைகள் பலவற்றில் லெந்து நாட்களின் வார நடுவில் ஒரு மாலை, எளிய சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டுப் பாடத்துக்கு உட்காருகிறார்கள்.

இரண்டாவது சிறுபொழுது. பல சபைகளில் ஞாயிறன்று காலை எட்டு மணிக்குப் பாட்டில்லாத அமைதியான ஆராதனையும், பத்தரைக்குப் பாடகர் குழுவோடு பெரிய ஆராதனையும் நடக்கும். நடுவே ஒன்பதேகாலுக்கு வகுப்பு. எட்டு மணிக்காரர்களும் பத்தரைக்காரர்களும் ஒரே சபையாராக இருந்தும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் ஆண்டுகள் ஓடிவிடும். அவர்கள் சந்திப்பது இந்த ஒன்பதேகாலில்தான்.

நிலம், ஆலயத்தை ஒட்டிய சபைக் கூடம். ஆலயத்துக்குள் எல்லாரும் பலிபீடத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். கூடத்தில் ஒருவரை ஒருவர் பார்த்து உட்காருகிறார்கள். முன்னது தொழுகைக்கு ஏற்ற அமைப்பு, பின்னது கல்விக்கு ஏற்றது. இரண்டும் வேண்டும்.

கருப்பொருள்

இந்நிலத்துக்குரிய கருப்பொருள்கள் நான்கு: காபி, மடக்கு நாற்காலி, ஜெபப்புத்தகம், வாசக அட்டவணை.

காபி, புதிதாக வந்தவர் கையில் பிடித்துக்கொள்ள ஒரு பொருளைத் தருகிறது. யாரோடும் பேச்சுக் கொடுக்கும் முன் அவர் அங்கே நிற்பதற்கு ஒரு காரணமும் கிடைக்கிறது. இது சிறிய உதவியல்ல.

மடக்கு நாற்காலியை வட்டமாகவும் போடலாம், வரிசையாகவும் போடலாம். வரிசை போட்டால் பேச்சாளர் ஒருவர், கேட்பவர் பலர். வட்டம் போட்டால் எல்லாரும் பேசவும் வேண்டும், கேட்கவும் வேண்டும். எந்த வகுப்பு நடக்கப்போகிறது என்பதை நாற்காலி போடுகிறவரே முடிவு செய்துவிடுகிறார். ஆகையால் அந்த வேலையைச் செய்பவரும் ஆசிரியரே.

ஜெபப்புத்தகத்தில் காலை, நண்பகல், மாலை, இரவு என நான்கு வேளைக்கும் ஜெப ஒழுங்கு உண்டு. நூற்றைம்பது சங்கீதங்களும் முப்பது நாளில் படித்து முடிக்கும்படி பகுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஆங்கிலத்தின் முதல் ஜெபப்புத்தகம் 1549இல் தாமஸ் கிரான்மரின் தலைமையில் வெளிவந்தது. மடத்துத் துறவிகள் ஒரு நாளில் பல வேளை ஓதிவந்த ஜெபங்களை அது காலை, மாலை என இரண்டாகச் சுருக்கி ஊர்மக்கள் கையில் கொடுத்தது. வேலைக்குப் போகிறவருக்கும் ஆன்மிகப் பயிற்சி உண்டு என்ற கொள்கை அன்றே அச்சேறிவிட்டது.

வாசக அட்டவணை மூன்றாண்டுச் சுற்றாக அமைந்தது. விருப்பமான பகுதியை மட்டும் படித்துவிட்டு, உறுத்துகிற பகுதியைத் தாண்டிப்போக அது எளிதில் விடாது.

உரிப்பொருள்

உரிப்பொருளாவது அந்நிலத்து ஒழுக்கம். இங்கே அது கேள்வி கேட்டல்.

இவ்வொழுக்கத்துக்கு இலக்கணம் வகுத்தவர்களில் ஒருவர் வெர்னா டோஸியர். 1917இல் வாஷிங்டனில் பிறந்த கறுப்பினப் பெண்மணி. அந்நகரத்து அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்தவர். கடைசிவரை குருப்பட்டம் பெறாத சபை உறுப்பினர். குருமார் பலருக்கு வேதம் வாசிக்கக் கற்றுத்தந்தவர். எந்தப் பகுதியை எடுத்தாலும் மூன்று கேள்விகளை இந்த வரிசையில் கேட்கவேண்டும் என்பது அவர் முறை. பகுதி என்ன சொல்கிறது? முதலில் கேட்ட மக்கள் இதை ஏன் காப்பாற்றி வைத்தார்கள்? இன்று நமக்கு இதனால் என்ன?

மத்தேயு 20ஆம் அதிகாரத்துத் திராட்சத்தோட்ட உவமையை எடுத்துக்கொள்வோம். வாசக அட்டவணையின் முதலாம் ஆண்டில், செப்டம்பர் மாதத்தில் இது வரும். முதல் கேள்விக்குக் கதையைத் தவிர வேறெதுவும் பேசக்கூடாது. எசமான் விடியற்காலையில் கூலியாட்களைப் பேசி அழைக்கிறான். பிறகு மூன்றாம், ஆறாம், ஒன்பதாம் மணியிலும், பொழுது சாயப்போகும் பதினோராம் மணியிலும் போய் ஆள் பிடிக்கிறான். கூலி எல்லாருக்கும் ஒரே ஒரு தெனாரியம். விடியலில் வந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். இவ்வளவையும் சேர்ப்பு இல்லாமல் சொல்லி முடிக்கவே வகுப்புக்குக் கணிசமான நேரம் பிடிக்கும். ஏனென்றால் எல்லாருக்கும் கதை தெரியும் என்ற நினைப்பு இருக்கிறது. இரண்டாம் கேள்வியில், தலைமுறை தலைமுறையாக நியாயப்பிரமாணம் காத்த யூத விசுவாசிகளும் நேற்று வந்த புறவினத்தாரும் ஒரே பந்தியில் உட்கார நேர்ந்த சபை கண்முன் வருகிறது. மூன்றாம் கேள்வியில்தான் வட்டம் சூடாகும். கடை வைத்திருப்பவர், இப்படிக் கூலி கொடுத்தால் மறுநாள் விடியலில் யார் வருவார் என்பார். வேலை போய்ப் பல மாதம் வீட்டில் இருந்தவர், பதினோராம் மணிவரை சந்தையில் நின்றவன் சோம்பேறி அல்ல, அவனை யாரும் கூப்பிடவில்லை, வசனத்தைத் திரும்பப் படியுங்கள் என்பார். திரும்பப் படிக்கிறார்கள். அவர் சொன்னதுதான் அங்கே இருக்கிறது. வேதபண்டிதர் ஒருவர் அங்கே இருந்திருந்தாலும் அந்த வசனத்தை வேலை இழந்தவர்தான் முதலில் கண்டிருப்பார்.

இவ்வொழுக்கத்தின் விரிந்த வடிவம் டென்னஸி மாநிலத்துச் சுவானி நகரில் உள்ள சவுத் பல்கலைக்கழக இறையியல் பள்ளி 1975இல் தொடங்கிய எஜுகேஷன் ஃபார் மினிஸ்ட்ரி என்னும் நான்காண்டுப் படிப்பு. முதலாண்டு பழைய ஏற்பாடு, இரண்டாம் ஆண்டு புதிய ஏற்பாடு, மூன்றாம் ஆண்டு திருச்சபை வரலாறு, நான்காம் ஆண்டு இறையியல். மாணவர் ஒவ்வோர் ஆண்டாகவே பதிந்துகொள்கிறார். ஏறக்குறைய பத்துப் பேர் கொண்ட குழு வாரந்தோறும் கூடும். குழுவுக்கு ஆசிரியர் கிடையாது. பயிற்சி பெற்ற வழிகாட்டி ஒருவர் உண்டு, அவர் குருவாக இருக்கவேண்டியதில்லை. ஆண்டின் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் தம் ஆன்மிக வாழ்க்கை வரலாற்றைக் குழுவுக்குச் சொல்கிறார். பின்னர் யாராவது ஒருவரின் அன்றாட நிகழ்ச்சி ஒன்றை நடுவில் வைத்து நான்கு பக்கமிருந்தும் பார்க்கிறார்கள்: நடந்தது என்ன, மரபு என்ன சொல்கிறது, சுற்றியுள்ள பண்பாடு என்ன சொல்கிறது, உண்மையில் நான் நம்புவது எது. நான்காவதில்தான் அதிக நேரம் பிடிக்கும். அமர்வு முடியும்போது இனி என்ன செய்யப்போகிறோம் என்பதையும் சொல்லவேண்டும்.

எடுத்துக்காட்டு

எடுத்துக்காட்டு இல்லாத ஏது நிற்காது. இரண்டு பேரைக் காட்டுகிறோம்.

ஒருவர் பிரான்சிஸ் பெர்கின்ஸ். இருபத்தைந்து வயதில், 1905இல், தாமே தேர்ந்து எபிஸ்கோப்பல் திருச்சபையில் திடப்படுத்தல் பெற்றார். 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் 146 பேர் மாண்ட தீவிபத்தை நேரில் கண்டவர். 1933 முதல் 1945 வரை அமெரிக்கத் தொழிலாளர் துறைக்கு அமைச்சர். அந்நாட்டு அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண். அந்த ஆண்டுகளில் மாதந்தோறும் மேரிலாந்தின் கேட்டன்ஸ்வில் ஊரிலிருந்த கன்னியர் மடத்துக்குப் போய், மௌனத்திலும் ஜெபத்திலும் இருந்துவிட்டு வருவது அவர் வழக்கம். 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1938இல் மணிக்கு 25 சென்ட் என்று குறைந்தபட்சக் கூலியை உறுதிசெய்து, குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்திய சட்டம் வந்தது. மௌனம்தான் சட்டத்தை எழுதியது என்று நாம் வாதிடவில்லை. பதினோராம் மணிவரை சந்தையில் நின்றவர்களுக்காகப் போராடியவர், அந்தப் போராட்டத்துக்கு நடுவே மடத்துக்குப் போவதை நேர விரயம் என்று கருதவில்லை. அவரைத் திருச்சபை இன்று மே 13 அன்று நினைவுகூர்கிறது.

மற்றவர் அப்சலோம் ஜோன்ஸ். 1746இல் டெலவேரில் அடிமையாகப் பிறந்தார். சிறுவனாக இருக்கையில் கையில் கிடைத்த சில்லறைக் காசுக்குப் புத்தகம் வாங்கி எழுத்துக் கற்றார். பிலடெல்பியாவில் பகலெல்லாம் எசமானின் கடையில் வேலை. இரவில் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் நடத்திய பள்ளியில் படிப்பு. 1784இல் விடுதலை பெற்றார். 1793இல் மஞ்சள் காய்ச்சல் நகரைச் சூறையாடியபோது, தம் தோழர் ரிச்சர்டு ஆலனோடு சேர்ந்து நோயாளிகளைப் பேணவும் இறந்தவர்களை அடக்கம் செய்யவும் ஆட்களைத் திரட்டினார். அடுத்த ஆண்டு பரிசுத்த தோமா ஆப்பிரிக்க எபிஸ்கோப்பல் ஆலயம் திறக்கப்பட்டது. எபிஸ்கோப்பல் திருச்சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே.

தடையும் விடையும்

தடை ஒன்று: அறிவு வேறு, பக்தி வேறு, விவாதம் விசுவாசத்தைக் கெடுக்கும். விடை: வேதத்தோடும் மரபோடும் பகுத்தறிவையும் சேர்த்துப் பயன்படுத்துவது பதினாறாம் நூற்றாண்டின் இறையியலாளர் ரிச்சர்டு ஹூக்கர் காலம் முதல் ஆங்கிலிக்கன் வழக்கம். கேள்வி கேட்கத் தடை உள்ள இடத்தில் சந்தேகம் ஒழிவதில்லை; சந்தேகப்பட்டவர்தான் சொல்லாமல் போய்விடுகிறார்.

தடை இரண்டு: இது படித்தவர்களின் பொழுதுபோக்கு. விடை: இத்தடையில் உண்மை உண்டு. எபிஸ்கோப்பல் திருச்சபையில் வசதியும் பட்டமும் உள்ளவர்கள் நீண்டகாலம் செல்வாக்கோடு இருந்தார்கள். பேராசிரியரை அழைத்து, உரை கேட்டு, நன்றி சொல்லிக் கலையும் ஞாயிறுகள் இன்றும் உண்டு. ஆனால் இதற்கு மருந்து வகுப்பை மூடுவதல்ல. இரவுப் பள்ளிக்குப் போன ஜோன்ஸைவிடக் கல்விக்கு அதிக விலை கொடுத்தவர் யார்?

தடை மூன்று: நல்லதையே கற்கட்டும், பழைய காயங்களை ஏன் கிளறவேண்டும்? விடை: ஜோன்ஸின் சபையைச் சேர்த்துக்கொண்ட மறைமாவட்டம், அச்சபையின் பேராளர்களுக்குத் தன் பேரவையில் இடம் தரவில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் பிப்ரவரி 13 அன்று அவர் நினைவு நாளைக் கொண்டாடுவது அரைகுறைக் கல்வி. நிற வேற்றுமையின் வரலாற்றைத் திரைப்படங்கள் வழியாகச் சிறு குழுக்களில் பயிலும் சேக்ரட் கிரவுண்ட் என்ற பாடத்திட்டத்தை எபிஸ்கோப்பல் திருச்சபை 2019இல் தொடங்கியது. தன் குற்றத்தையும் பாடத்தில் சேர்க்கும் சபைதான் தன் பிள்ளைகளுக்கு மனந்திரும்புதலைப் போதிக்கும் தகுதி உடையது.

பயன்

டோஸியர் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தது ஒன்று. சபை மக்களின் ஊழியம் என்றதும் ஆலயத்தில் வேதம் வாசிப்பதையும் காணிக்கைத் தட்டு எடுப்பதையும் நினைக்கிறோம். அவர்களுடைய அழைப்போ உலகத்தில் இருக்கிறது. அலுவலகம், வகுப்பறை, மருத்துவமனை, சட்டமன்றம் ஆகியவையே அவர்களின் ஊழியக் களம். ஆகவே வகுப்பின் பயனை ஞாயிற்றுக்கிழமை அளக்க முடியாது. கடைக்காரர் கூலி கொடுக்கும் நாளில்தான் அளக்க முடியும்.

இதிலிருந்து மூன்று விதிகள் பெறப்படும். திங்கட்கிழமைக்கு என்ன என்று கேட்காமல் எந்த வகுப்பையும் முடிக்கலாகாது. வசனத்தின் அடி வாங்கியவர் வட்டத்தில் இருந்தால், விளக்கம் சொல்லும் முதல் உரிமை அவருக்கே. வருமானம் குறைந்து, வெஸ்ட்ரி என்னும் சபைக் குழு செலவைச் சுருக்க உட்காரும்போது, பெரியவர்களின் கல்விக்கான பணத்தில் கைவைக்கலாகாது. கூரை ஒழுகினால் வாளி வைத்தும் ஓராண்டு சமாளிக்கலாம். கற்பதை நிறுத்திய பெரியவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்க, தாங்கள் பன்னிரண்டு வயதில் கேட்டதைத் தவிர வேறெதுவும் வைத்திருக்க மாட்டார்கள்.