தானே விழுந்த பலா

வாடா பேராண்டி. அந்தப் பக்கம் உக்காராத, கோழி கொத்தும். இப்படித் திண்ணைக்கு வா.

மூஞ்சி ஏன் சுண்டக்கா வத்தலாட்டம் கெடக்கு? கிடாருக்குன்னு தபால்ல மரம் வரவழச்சியே, அது வெடிச்சிப்போச்சாமே. உங்கம்மா சொன்னா. சம்பளத்துல பாதிய அனுப்பி வாங்குனது, வந்து எறங்குறப்பவே ஈரம். பத்தே நாள்ல பலகை முழுக்கப் பூரான் ஓடுனாப்புல கீறல். கோவத்துல நீ கொல்லையில வீசிட்டுப் போயிட்ட. உன் ஆயா சும்மா இருப்பாளா? நேத்து ராத்திரி நான் குளிச்ச வென்னி உன் மரத்துலதான் காஞ்சது. அவ்ளோ வெலையுள்ள வென்னியில நம்ம வம்சத்துல எவனும் குளிச்சதில்ல. ஒடம்பு இன்னைக்கு லேசாத்தான் இருக்கு.

பாகூர்ல பொறந்தவன் தபால்ல மரம் வாங்குறது, கடலோரத்துல குடியிருக்குறவன் டப்பா மீனு வாங்குறாப்புல. சரி, போனது போச்சு. நீ படிச்சவன், எனக்குக் கணக்குச் சொல்லு. ஒரு கிடாருக்கு எவ்ளோ மரம் வேணும்? முதுகுக்கு ரெண்டு பலகை, ரெண்டரை மில்லிமீட்டர் கனம். பக்கத்துக்கு ரெண்டு பட்டை, அது இன்னும் மெல்லிசு. மேல ஒரு பலகை. அப்பறம் கழுத்து. ரம்பத்துல தூளாப் போறதயும் சேத்தா ஒரு கன அடிக்குள்ள முடிஞ்சிடும். இதென்ன தேரா? வில்லியனூர் திருக்காமீசுவரர் தேருக்கு மரம் தேடுறவன்கூட உன்னளவுக்கு அலைய மாட்டான்.

நீ அலைஞ்சது மரத்துக்கு இல்லடா, பேருக்கு. ஈட்டி மரம்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்ன. உனக்கு ஒண்ணு சொல்றேன், இதெல்லாம் நீயே போன்ல படிச்சிக் காட்டுனதுதான். அந்தக் காலத்துல கிடாருக்காரங்களுக்குப் பிரேசில் ஈட்டிதான் உசுரு. அத அங்கேருந்து கட்டையா வெளிய அனுப்ப மாட்டேன்னு கைய விரிச்சதும், அமெரிக்காவுல மார்ட்டின் கம்பெனி 1969ல நம்ம ஈட்டிக்கு மாறிச்சு. அதாவது நம்ம மரம் அவங்களுக்கு ரெண்டாந்தாரம். மூத்தவ கெடைக்கலன்னுதான் இந்தப் பக்கம் பொண்ணு பாக்கவே வந்தாங்க. இன்னைக்கு ரெண்டாந்தாரத்துக்கும் தனிப் பவிசு வந்துடுச்சு.

பவிசு வந்தா கூடவே போலீசும் வரும். தமிழ்நாட்டுல 1994லயே ஈட்டி மரத்துக்குன்னு தனியாச் சட்டம் போட்டுட்டாங்க. 2011 ஆகஸ்டுல, இந்தியாவுலேருந்து போன ஈட்டியும் கருங்காலியும் சரியான வழியில வரலன்னு சொல்லி, அமெரிக்காவுல கிப்சன் கிடார் கம்பெனிக்குள்ள சர்க்கார் ஆளுங்க பூந்துட்டாங்க. நம்ம ஊரு சாராயக்கடைக்கே அப்படி ஒரு ரெய்டு வந்து நான் பாத்ததில்ல. மறுவருசம் மடகாஸ்கர் கருங்காலி விவகாரத்தயும் சேத்து 3 லட்சம் டாலர் கட்டிட்டுத்தான் வெளிய வந்தாங்க. அப்பறம் 2017 சனவரியில உலக நாடுங்க கூடி, ஈட்டி வகையறா எல்லை தாண்டுனா சீட்டு வேணும்னு வெச்சாங்க. செஞ்சு முடிச்ச வாத்தியத்துக்கு மட்டும் 2019 நவம்பர்ல விட்டுக் குடுத்தாங்க. இவ்ளோ வில்லங்கம் புடிச்ச பொண்ணுதான் வேணும்னா உன் தலையெழுத்து.

இன்னொண்ணும் நீதான் படிச்சிக் காட்டுன. இங்கிலாந்துல லங்காஸ்டர் பல்கலைக்கழகத்துக்காரங்க ஆறு கிடாரு செய்ய வெச்சாங்களாம். எல்லாம் ஒரே அச்சு, முதுகும் பக்கமும் மட்டும் வேற வேற மரம். பிரேசில் ஈட்டியும் அதுல உண்டு, நம்ம ஈட்டியும் உண்டு, மகோகனி, மேப்பிள், வால்நட்டு, இன்னொண்ணு பேரு வாயில நுழையல. 52 வாசிக்கிறவங்களக் கூப்புட்டு, மரம் எதுன்னு கண்ணுக்குத் தெரியாம வாசிக்க வெச்சிருக்காங்க. எது ஒசத்தி எது மட்டம்னு சொல்ல முடியலன்னு 2018ல எழுதிட்டாங்க. படிச்சவன் நீ, கேட்டவன் நான். இதப் படிச்சிட்டு மறுநாளே ஈட்டிக்குப் பணம் அனுப்புனவனும் நீதான்!

ஸ்பெயின் தேசத்து ஆசாரி தோரஸ் இத 1862லயே சொல்லிட்டாரு. கிடாருக்கு மேல் பலகைதான் தொண்டைன்னு காட்டுறதுக்கு, முதுகயும் பக்கத்தயும் வெறும் அட்டையில செஞ்சாரு. அந்தக் கிடாரு இன்னும் பார்சிலோனா அருங்காட்சியகத்துல இருக்காம். நம்ம திருக்கனூர்ல காகிதக்கூழ்ல பொம்மை செஞ்சு புவிசார் குறியீடே வாங்கியிருக்காங்க. தோரஸ் மட்டும் இங்க பொறந்திருந்தா, மரக்கடைப் பக்கமே போவாம வில்லியனூருக்கும் திருக்கனூருக்கும் பஸ்ஸேறியே காலத்த ஓட்டியிருப்பாரு.

அப்ப மேல் பலகைக்கு என்னா பண்றதுன்னு கேக்குற. அதுக்கு லேசாவும் வெறப்பாவும் இருக்கிற மரம் வேணும், ரேகை நெருக்கமா நேரா ஓடணும். ஸ்ப்ரூசும் பைனும் நம்ம மண்ணுல வெளையாது, ஆனா தானா வருது. சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்கு வெளிநாட்டு மிஷின் வருதில்ல, அது எதுல வருது? பேக்கிங் மரத்துல. ஐரோப்பாவுலேருந்து வர்ற பெட்டியில பாதிக்கு மேல அந்தச் சாதிதான். மிஷின எறக்கிட்டு மரத்த ஒடச்சி எடைக்குப் போட்டுடுவான். நீ போயி குச்சி குச்சியாப் பொறுக்கி, ரேகை நேரா ஓடுற பலகையாப் பாத்து நாலோ ஆறோ எடுத்து ஒட்டிக்க. அசிங்கமா இருக்கும்னு மூஞ்சச் சுழிக்காத. அமெரிக்காவுல டெய்லர் கம்பெனிக்காரரு 1995ல இப்படி ஒடஞ்ச பேலட்டுலயே ஒரு கிடாரு செஞ்சு, கழுத்துல பேலட்டு தூக்குற வண்டிப் படத்தயும் பதிச்சு, பெரிய சந்தையில கொண்டு போயி வெச்சாரு. கோடீஸ்வரன் குப்பையப் பொறுக்குனா கலை, நாம பொறுக்குனா பழைய இரும்பு ஈயம் பித்தளை.

ஒண்ணு மட்டும் பாத்துக்க. பெட்டிமேல முத்திரை சுட்டிருக்கும். எச்.டி.ன்னு இருந்தா சூடு காட்டுன மரம், தாராளமா எடு. எம்.பி.ன்னு இருந்தா தொடாத. நம்ம எம்.பி. இல்லடா, அவரத் தொட நெனச்சாலும் அஞ்சு வருசத்துக்கு ஒருக்காதான் கைக்குச் சிக்குவாரு. இது மீத்தைல் புரோமைடு, பூச்சி சாவ அடிக்கிற புகை. அந்தத் தூளு நெஞ்சுக்குள்ள போவக் கூடாது.

காஞ்ச மரம்தான் வேணும்னு தபால்ல கேட்டியாமே. ரொம்பக் காஞ்சது வேணும்னா சங்கராபரணிக் கரையப் புடிச்சிக்கிட்டே மேக்கால போ, திருவக்கரை வரும். ரெண்டு கோடி வருசமாக் காயுற மரம் அங்க கெடக்கு. ஒரே ஒரு கொறை, கல்லாப் போயிடுச்சு. அத்த விட்டா அடுத்த எடம் இடிக்கிற வீடு.

இதுலதான் நீ கொஞ்சம் காதக் குடுக்கணும். நரசிங்கப்பேட்டையில நாதஸ்வரம் செய்றவங்க ஆச்சா மரத்துலதான் கடைவாங்க. பச்ச மரத்தத் தொட மாட்டாங்க. பழைய வீட்டுத் தூணு, உத்தரம், மூணு தலைமொறை புகையும் வெய்யிலும் பாத்த கட்டை, அத்தத்தான் தேடிப் புடிப்பாங்க. பச்ச மரத்துல கடைஞ்சா நாலு மாசத்துல சீவாளி ஒரு பக்கம், சுரம் ஒரு பக்கம். நமக்கும் அதே கணக்குத்தான். நம்ம கொம்யூன்ல சொல்தா வீடு எத்தினி இருந்துச்சு தெரியுமா? சைகோனுக்கும் பிரான்சுக்கும் பட்டாளத்துக்குப் போயி பென்ஷன் வாங்குன கிழவனுங்க கட்டுன மச்சு வீடு. கைமரம் பூரா பர்மா தேக்கு. இப்ப பேரன் பாரீஸ்லேருந்து போன்லயே இடிக்கச் சொல்றான். இடிக்கிறவன் நிலையயும் கதவயும் மரக்கடைக்குக் குடுத்துடுவான், அது நாற்காலிக்காரன் கைக்குப் போவும். துண்டுத் துக்கடா கைமரம் டீக்கடை அடுப்புக்குப் போவும். அந்தத் துண்டுதான் உனக்கு வேணும். ரெண்டடி நீளம் இருந்தா போதுமே கழுத்துக்கு!

போறப்ப வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டுப் போவாத. கிடாருக்குன்னு வாயத் தெறக்காத. தெறந்தா வெலை மூணு மடங்கு. மாட்டுக்கொட்டாய்க்கு முளைக்குச்சின்னு சொல்லு. பொய் சொல்றோமேன்னு உறுத்துனா வீட்டுக்கு வந்து ரெண்டு முளை அடிச்சிக் குடுத்துடு, கன்னுக்குட்டிக்கு வேணும்தான். கையோட பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒண்ணு எடுத்துட்டுப் போயி மரத்துமேல தேச்சிப் பாரு, உள்ள ஆணி இருந்தா காட்டிக் குடுக்கும். ஆணியோட கொண்டு போனீன்னா மரமில்லுல உன்னையும் சேத்து வெளிய தள்ளுவான்.

அப்பறம் தட்டிப் பாரு. வில்லியனூர்ப் பானையத் தட்டாம வாங்குவாளா உன் ஆயா? அதே வித்தைதான். கால் பங்குக்கிட்ட ரெண்டு வெரலால புடிச்சித் தொங்க விடு, நடுவுல முட்டியால தட்டு. கணீர்னு இழுத்துக்கிட்டே போச்சுன்னா எடு. சொத்துன்னு செத்துப்போச்சுன்னா அது அடுப்புக்கு. காஞ்சுதான்னு சந்தேகமா, மளிகைக்கடைத் தராசுல வாரா வாரம் நிறுத்து எழுதி வை. எடை எறங்குறது நின்னா மரம் காஞ்சிடுச்சு. இதுக்குப் பேரு விஞ்ஞானம். செட்டியார் திட்டுவாரு, கேட்டுக்க.

விரல் பலகைக்குக் கருங்காலி வேணும்ப. கடையில கேக்காத. எவனோ சினிமாக்காரன் கழுத்துல போட்டான்னு ஊருல பாதிப் பேரு கருங்காலி மாலை போட்டுக்கிட்டு வெலைய ஆகாசத்துக்கு ஏத்திட்டானுங்க. உள்ளாற உன் ஆயா கல்யாணச் சீரா கொண்டாந்த உலக்கை சாத்தியிருக்கு, அசல் கருங்காலி. நடுவுல அறுத்தா ரெண்டு கிடாருக்கு ஆவும். கேக்க வேண்டியது நீதான். நான் கேக்க மாட்டேன், அந்த உலக்கையோட கனம் எனக்குத் தெரியும். உலக்கை கெடைக்காதுன்னா நாலு வழி ரோட்டுக்கு வெட்டுன புளிய மரத்து வைரம் எங்கயாவது கெடக்கும், கறுப்பா இரும்பாட்டம் இருக்கும்.

பூவரசயும் எளப்பமா நெனைக்காத. ஹவாய் தீவுல அத மிலோன்னு கூப்புட்டு குட்டிக் கிடாரு செஞ்சு டாலர்ல விக்கிறானாம். நாம பூவரசுல பீப்பீ ஊதுறோம், அதுவும் எலையில! ஆரோவில்காரங்க வொர்க் ட்ரீன்னு சொல்ற வேலமரம் இருக்குதே, அதுக்கும் ஹவாய்ல பங்காளி உண்டு, கோவான்னு பேரு, கிடாருக்காரன் கும்புட்டு வாங்குவான். மாமரம் வேணும்னா கொளத்துல ஊறப்போட்டு எடு, இல்லாட்டி உளு தின்னுடும்.

ஆனா எங்கிட்ட வந்து கேட்டியானா நான் பலாவத்தான் சொல்வேன். தஞ்சாவூர் வீணை பலாவுல செய்றது, 2013ல புவிசார் குறியீடும் வாங்கிடுச்சு. மிருதங்கத்துக்கும் பலாதான். ரெண்டுக்கும் மரம் பண்ருட்டிப் பக்கத்துலேருந்து போவுது, பஸ்ஸேறினா பொழுது சாயறதுக்குள்ள போயிட்டு வந்துடலாம். இத்தினி வருசமா மேடை ஏறுன மரம், உனக்கு மட்டும் கேவலமாப் போயிடுச்சு. வெட்டுனப்ப மஞ்சளா இருக்கும், போவப் போவ உன் ஆயா வெக்கிற வத்தக்கொழம்பு நெறத்துக்கு வந்துடும்.

2011 டிசம்பர் 30, தானே புயல் கரையேறுன நாளு. நீ சின்னப் புள்ள, கட்டிலுக்கடியில பூந்துக்கிட்ட. ரெண்டு நாள் கழிச்சி பண்ருட்டிப் பக்கம் உறவுக்காரங்களப் பாக்கப் போனேன். பலாத்தோப்பு பூரா வேரோட மல்லாந்து கெடக்கு. முந்திரியும் அப்படித்தான். தோப்புக்காரரு அழுவக்கூடத் தெம்பில்லாம வரப்புல குந்திக்கிட்டிருந்தாரு. வெறகு வெலைக்குக்கூட வாங்க நாதியில்ல. நான் ஒரு அடிமரம் வாங்குனேன். அவரு சொன்ன வெலைக்கு மேல குடுத்தேன், அத்த உன் ஆயாகிட்டச் சொல்லிடாத. மில்லுக்காரன்கிட்ட வளையம் நிமிந்து நிக்கிறாப்புல அறுக்கச் சொன்னேன். அவன் என்னைய ஒரு மாதிரியாப் பாத்தான். முனையில மிச்சமிருந்த கதவுப் பெயிண்ட அப்பி, ஊடால குச்சி வெச்சி, நெழல்ல அடுக்கி வெச்சேன். அங்குலத்துக்கு ஒரு வருசம் காயணும்பாங்க. அது ரெண்டங்குலம். கணக்குப் பாத்தா உனக்கு மீசை மொளைக்கிறதுக்கு முந்தியே காஞ்சி முடிஞ்சிடுச்சு. எதுக்கு வாங்குனேன்னு கேக்காத, எனக்கே தெரியாது. விழுந்து கெடந்தத விட்டுட்டு வர மனசில்ல.

எங்க இருக்குன்னா கேக்குற? முதல்ல உன்ன உக்கார வேணாம்னேனே, அந்தப் பக்கம்தான். மூலையில செங்கல்லுமேல போட்டிருக்கு பாரு பலகை, சாணியா இருக்கேன்னு பாக்காத, ஒரு இழைப்பு இழைச்சா உள்ள பொன்னாட்டம் இருக்கும். கிட்டப் போயி முட்டியால ஒரு தட்டு தட்டு. மெதுவாடா! கேட்டுச்சா? ம்.

எடுத்துக்க. காசு வேணாம். ஆனா இப்ப முடியாது. மேல இருக்கிற கூடையில செவலைப்பொட்டை அடை உக்காந்திருக்கு, நேத்துதான் பதிமூணு முட்டை வெச்சா உன் ஆயா. அசைச்சா என் கதி உன் தபால் மரத்தோட கதிதான். இன்னும் இருவது நாளு. அதுக்குள்ள இழைப்புளிக்குச் சாணை புடிச்சி வை. பாகூர்ல புடிப்பாங்க, தபால்ல அனுப்பிடாத.