பேச்சும் பந்தியும்

கேள்வி: மேடைப் பேச்சாளருக்கு முக்கியமாகத் தெரிந்திருக்க வேண்டியது எது?

பதில்: எதிரே இருப்பவர் நிலைமை!

கல்யாண மண்டபத்தில் வாழ்த்துரை. மைக் பிடித்தவர் சங்க காலத்திலிருந்து தொடங்குகிறார். கீழே முதல் பந்திக்கு இலை போட்டாயிற்று. சாம்பார் வாசனை மேலேறி வருகிறது. இனி சங்கப் புலவர் கபிலரே வந்து பேசினாலும் யார் கேட்பார்?

துக்க நிகழ்ச்சியிலும் சுருக்கமே நிற்கும். 1863 நவம்பர் 19, அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க். உள்நாட்டுப் போரில் மாண்ட வீரர்களின் கல்லறைத் தோட்டத்தை அர்ப்பணிக்கும் நிகழ்ச்சி. முதன்மைப் பேச்சாளர் எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசினார். பிறகு எழுந்த அதிபர் லிங்கன் பேசியது சுமார் இரண்டே நிமிடம். இன்று உலகம் நினைவில் வைத்திருப்பது லிங்கன் பேச்சைத்தான். எவரெட்டே மறுநாள் அவரைப் பாராட்டிக் கடிதம் எழுதினார்.

துக்கத்தில் நிற்பவருக்கும் பசியில் இருப்பவருக்கும் சுருக்கமாகப் பேசுவதே மரியாதை.