சும்மா இருக்கப் படித்தவள்

எங்கள் குடும்பத்துக்கு நிதி அமைச்சர் பெரியப்பா. தாசேக் கெலுகோர் மலாக்கோஃப் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். பிரட்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை வாளி பால் இறங்கியது என்று எழுதி எழுதிப் பழகிய கை. மின்சார பில்லின் பின்பக்கம் காலியாக இருந்தால் அவருக்குப் பொறுக்காது. யாருடைய வாழ்க்கையையாவது அதில் கூட்டிக் கழித்துப் பார்த்துவிடுவார்.

என் தங்கைக்கு யூகேஎம் பல்கலைக்கழகத்தில் பேச்சுச் சிகிச்சைப் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்த அன்று பில் வெளியே வந்தது.

“பேச்சா? நம்ம வீட்டுல அதுக்கு ஏற்கெனவே ஆள் அதிகம்லா” என்றார்.

அத்தை குறுக்கே வந்தார். “முடிச்சா டாக்டரா?”

“இல்ல அத்தை.”

“நர்ஸ்?”

“இல்ல.”

“டீச்சராவது உண்டா?”

அதுவும் இல்லை என்றதும் அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை வீட்டாருக்கு இதை எந்தப் பெயரில் விளக்குவது என்ற கவலை அவருக்கு அன்றே தொடங்கிவிட்டது.

மலேசியாவில் இந்தப் படிப்பை யூகேஎம் 1995-இல் தொடங்கியது. பின்னால் யூஎஸ்எம்மிலும் வந்தது. “யூஎஸ்எம் பினாங்குலதானே இருக்கு, வீட்டுச் சோறு சாப்பிட்டுக்கிட்டே படிக்கலாமே” என்று பெரியப்பா ஒரு பெரிய தொகையை மிச்சமாக எழுதினார். இந்தத் துறை கிளந்தானில், குபாங் கெரியான் வளாகத்தில் என்று தங்கை சொன்னதும் அதை அடித்தார். ஆக, கோலாலம்பூர்தான். கொமுட்டர் ஏறி பட்டர்வொர்த், அங்கிருந்து இடிஎஸ் ரயில், போக ஒரு டிக்கெட், வர ஒரு டிக்கெட், நாலு வருஷம். பிடிபிடிஎன் கல்விக் கடன் தனிப் பத்தியாக ஏறியது. முதல் வகுப்பில் தேறினால் நிபந்தனைகளோடு அந்தக் கடனிலிருந்து விலக்கு உண்டு என்று கேள்விப்பட்டதிலிருந்து அவர் அவளிடம் நலம் விசாரிப்பதை நிறுத்திவிட்டார். சராசரிப் புள்ளியை மட்டும் விசாரித்தார்.

நடுவில் நியூ ஜெர்சி உறவினர் ஒருவர் போனில் வந்து கணக்கையே கலைத்தார். அமெரிக்காவில் இந்த வேலைக்கு 2023-இல் நடுத்தரச் சம்பளம் ஆண்டுக்கு ஏறக்குறைய 89,000 டாலர் என்று அவர் சொல்ல, பெரியப்பா நாலரையால் பெருக்கி, பன்னிரண்டால் வகுத்து, மாதம் 33,000 வெள்ளிக்கு மேல் என்று கண்டுபிடித்து, பெரியம்மாவிடம் தண்ணீர் கேட்டார். மீதியை உறவினர் பிறகுதான் சொன்னார். அங்கே இளங்கலைப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு பேச்சுச் சிகிச்சையாளர் என்று உட்கார முடியாது. முதுகலை வேண்டும், அதற்கு மேல் மேற்பார்வையில் பல மாதம் வேலை செய்து சான்றிதழ் வாங்க வேண்டும். வெறும் இளங்கலையோடு சில மாநிலங்களில் உதவியாளராகலாம், அவ்வளவுதான். இந்தியாவில் அப்படி இல்லை. மைசூரில் 1965-இல் தொடங்கிய அரசு நிறுவனம் முதல் சென்னை போரூர் வரை எங்கே இளங்கலை முடித்தாலும், மறுவாழ்வு மன்றத்தில் பதிந்துகொண்டு வேலை பார்க்கலாம். இங்கேயும் பட்டமே போதும்; ஆனால் பதிவு வேண்டும். 2016-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில் சட்டம் 2020-இல் நடப்புக்கு வந்தபின் யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிவிட முடியாது. ஒரே பட்டத்துக்கு மூன்று நாட்டில் மூன்று விலையா என்று பெரியப்பாவுக்கு மனம் ஆறவில்லை. ரப்பர் விலைகூட இப்படி ஆடியதில்லையாம். (ஆடியிருக்கிறது. அவர் மறந்துவிட்டார்.)

தங்கை படித்து முடித்து ஒரு தனியார் மையத்தில் சேர்ந்தாள். முதல் விடுமுறைக்கு வந்தபோது பெரியப்பா அவளுடைய பையைச் சோதனை போட்டார். ஒரு பிளாஸ்டிக் மாடு, இரண்டு கார், படம் போட்ட அட்டைகள், சோப்பு நுரை ஊதும் புட்டி.

“நாலு வருஷம் கடன் வாங்கி முட்டை ஊதவா படிச்ச?”

“பக்கவாதம் வந்தவங்களுக்கு எச்சில் முழுங்கக் கத்துக்கொடுக்கிறதும் எங்க வேலைதான் பெரியப்பா. சாப்பாடும் மூச்சும் ஒரே தொண்டை வழியாத்தானே போகுது. தண்ணி தப்பிப் போனா நுரையீரல்ல இறங்கிடும். சில பேருக்குக் கோப்பியிலகூட மாவு கலந்து கெட்டியாக்கித்தான் கொடுப்போம்.”

கெட்டிக் கோப்பி என்றதும் பெரியப்பாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பேச்சைப் பேரன் பக்கம் திருப்பினார். மூன்று வயது. வீட்டில் தமிழ், தாடிக்கா பாலர் பள்ளியில் மலாய், போனில் ஆங்கிலம். வாயில் மட்டும் எதுவும் வருவதில்லை. தமிழை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று ஊரில் பாதிப் பேர் சொல்லியிருந்தார்கள். பல மொழி கேட்பதால் பேச்சு பின்தங்குவதில்லை, தமிழை நிறுத்தவே கூடாது என்றாள் தங்கை. தமிழிலேயே பேசிச் சிகிச்சை தரக்கூடியவர்கள் இந்த நாட்டில் குறைவு, அதனால் தன்னைத் தேடி வருகிறார்கள் என்றும் சொன்னாள். பெரியப்பா கடைசி வாக்கியத்தை மட்டும் குறித்துக்கொண்டார்.

தங்கை நுரைப் புட்டியைத் திறந்து இரண்டு ஊது ஊதினாள். பையன் துள்ளினான். உடனே மூடியை இறுக்கித் திருகி அவன் கையில் கொடுத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்துகொண்டாள். அவன் திருகினான். வரவில்லை. அவளைப் பார்த்தான்.

“தொறந்து குடும்மா, புள்ள கேக்குறான் பாரு” என்றார் பெரியப்பா.

“இன்னும் கேக்கல பெரியப்பா.”

“பசிக்குதோ என்னவோ” என்று பெரியம்மா. “நுரை வேணும்னு சொல்லுடா செல்லம், நுரை, நுரை” என்று அத்தை. நான் புட்டியை வாங்கித் திறந்தே விட்டேன்.

எங்கள் எல்லோரையும் ஐந்தடி தள்ளி உட்கார வைத்தாள். மறுபடி மூடினாள். கொடுத்தாள். பத்து விநாடி இருக்கும். எங்கள் வீட்டில் ஆள் விழித்திருக்கும்போது அவ்வளவு நேரம் யாரும் பேசாமல் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பையன் புட்டியை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, “தொற” என்றான்.

பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரியப்பா பில்லைத் தேடினார்.

“உங்க மையத்துல ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்குறாங்க?”

“120 வெள்ளி. 45 நிமிஷம். எனக்கு அதுல கொஞ்சம்தான் வரும்.”

“அது இருக்கட்டும்.” பேனா ஓடியது. “2,700 விநாடி. அப்படின்னா பத்து விநாடி சும்மா இருந்தா 44 காசு.” மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தார். “சும்மா இருக்கிறதுக்கு 44 காசா!”

உள்ளே போகக் கிளம்பிய பெரியம்மா நின்றார்.

“அந்த பில்லை இப்படிக் கொடுங்க. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உங்க முன்னால நான் வாயை மூடிக்கிட்டு இருந்ததுக்கு எவ்வளவு ஆச்சுன்னு இவளை விட்டுப் போடச் சொல்றேன்.”