ஏரியலுக்கு எர்த்து

வீட்டில் என் பேச்சும் நாட்டில் சிற்றலை வானொலியும் ஒரே நிலையில் இருக்கின்றன: ஒலிபரப்பு நடக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை. பி.பி.சி. தமிழோசையே 2017 ஏப்ரலோடு சிற்றலைக்கு முழுக்குப் போட்டுவிட்டது. அதற்கெல்லாம் அசருகிற ஆளா நான்? பாளையங்கோட்டை வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் மாடிப்படிக் கூரைக்கும் இடையே செப்புக் கம்பியை இழுத்துக் கட்டினேன்.

“புதுக் கொடியா மாப்ளே? போர்வை தாங்குமா?” என்றார் மாமியார்.

போர்வையைத் தாங்கியிருக்கும். தாங்காதது ஆனி, ஆடிக் காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற அந்த மேல்காற்று ஊர்ப் புழுதியை அள்ளிக்கொண்டு ஓடும். தூசு ஒவ்வொன்றும் கம்பியில் உரசி, தன் பங்குக்குத் துளி மின்னேற்றத்தை வைத்துவிட்டுப் போகும். இரு முனையிலும் பீங்கான் குமிழ் மாட்டிய கம்பிக்கு அதை இறக்கி வைக்க இடம் ஏது? சேர்ந்து சேர்ந்து சில ஆயிரம் வோல்ட் ஆனதும் ரேடியோவுக்குள் பொறியாகப் பாயும். பழைய வால்வு ரேடியோ இதைத் தாங்கிக்கொள்ளும். டிரான்சிஸ்டருக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒரு சொடக்குச் சத்தம், அதோடு சரி. மழைத்துளியும் இதே வேலையைச் செய்யும்.

மருந்து என்னவோ சல்லிசுதான். ஒரு மெகாஓம் ரெசிஸ்டர், ஒன்றிரண்டு ரூபாய். ஏரியலுக்கும் எர்த்துக்கும் நடுவே அதைப் போட்டால் மின்னேற்றம் சேரச் சேரக் கசிந்து மண்ணுக்குப் போய்விடும். வானொலி அலைக்கோ அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆனால் இரண்டு ரூபாயில் வேலையை முடித்துவிட்டுக் குடும்பத் தலைவன் என்று எப்படி நெஞ்சு நிமிர்த்துவது? தனியாக எர்த்துக் குழியே வெட்டிவிடத் தீர்மானித்தேன்.

செலவுக்கு அனுமதி வேண்டுமே. இரவுச் சாப்பாட்டின்போது ரிச்மன் கதையை எடுத்துவிட்டேன். 1753-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த விஞ்ஞானி. இடிமேகத்தின் மின்சாரத்தை அளக்கக் கூரையில் கம்பி நட்டு, அதை எர்த்து செய்யாமல் வீட்டுக்குள் கொண்டுவந்தவர். இடி கேட்டதும் அகாடமிக் கூட்டத்திலிருந்து வீட்டுக்கு ஓடினார். கருவியருகே குனிந்தவரின் நெற்றியில் இறங்கிய மின்னல், காலணியைக் கிழித்துக்கொண்டு வெளியேறியது.

“அவர் வீட்டுக்காரி கம்பி கட்டும்போதே வேண்டாம்னு சொல்லியிருப்பா” என்றாள் என் மனைவி. விஞ்ஞான வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுத முடியாது. அனுமதி மட்டும் கிடைத்துவிட்டது.

வெயில் தாழ்ந்ததும் தோட்டத்து மூலையில் குழி வெட்டி, நடுவில் செப்புத் தடியை நிறுத்தி, சுற்றிலும் கரியும் கல்லுப்பும் அடுக்கடுக்காகக் கொட்டினேன். ஈரத்தைப் பிடித்துவைத்து மின்சாரத்துக்கு வழிவிட எல்லா எலக்ட்ரீஷியன்களும் செய்வதுதான். ஆனால் இருட்டுகிற நேரம், மூலையில் குழி, செம்பு, உப்பு, கரி. போதாக்குறைக்கு அன்றைக்கு அமாவாசை. மதில் மேல் பக்கத்து வீட்டுக்காரரின் தலை தெரிந்தது.

“யாருக்கு அண்ணாச்சி வைக்கீக?” என்றார், குரலைத் தாழ்த்தி.

“மின்னலுக்கு” என்றேன். தலை மறைந்துவிட்டது. மறுநாளே அவர் வாசலில் பூசணிக்காய் தொங்கியது.

இணைப்புக் கொடுக்க வந்த எலக்ட்ரீஷியன் என் பெருமையை இன்னும் கொஞ்சம் இறக்கினார். “இது தனியா நிக்கக் கூடாது அண்ணாச்சி. வீட்டு மெயின் எர்த்தோட சேர்க்கணும். இல்லேன்னா பக்கத்துல எங்கயாச்சும் மின்னல் இறங்கினா ரெண்டு எர்த்துக்கும் நடுவுல வோல்ட் வித்தியாசம் வரும். நடுவுல மாட்டுறது உங்க ரேடியோ.”

“நேராக ஏரியல் மேலேயே விழுந்தால்?”

“அது முப்பதாயிரம் ஆம்பியர் வரும். உங்க குழியெல்லாம் அதுக்குப் பத்தாது. மானம் கறுக்கும்போதே ஒயரைக் கழத்தி வெளிய போட்டுருங்க.”

தடிமனான கம்பியால் இரண்டு எர்த்தையும் சேர்த்தார். அன்றிலிருந்து, தொட்டால் சுர்ரென்று இழுத்துக்கொண்டிருந்த எங்கள் வாஷிங் மெஷின் பரம சாதுவாகிவிட்டது. பழைய எர்த்து எப்போதோ செத்திருக்க வேண்டும். இப்போது வீட்டுக்கு வருகிறவர்களிடம் மனைவி குழியைக் காட்டி, “வாஷிங் மெஷினுக்காக இவங்களை வெட்டச் சொன்னேன்” என்கிறாள். குழி காயாமல் மாமியார் தினமும் அரிசி களைந்த தண்ணீர் ஊற்றுகிறார். ரேடியோ அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. அதன் மேல் ஊறுகாய் ஜாடி.