மாடக்குழி மீமாம்சை

மாடக்குழியைப் பற்றி இதுகாறும் எந்தப் பண்டிதரும் தனி நூல் செய்யத் துணியாதது கல்வியுலகிற்கு நேர்ந்த பெருங்குறையாதலின், கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் முகத்துவாரக்குப்பத்தை ஆய்வுக்களமாகக் கொண்டு அக்குறையை நீக்க முற்படுகிறேன்.

மாடத்தின் உற்பத்திக்குக் காற்றே காரணம் என்பது என் சித்தாந்தம். திண்ணையில் வைத்த சிம்னி விளக்கைக் கடற்காற்று கணத்தில் அணைத்துவிடும். அதே விளக்கை, மண்சுவரைச் சாண் ஆழம் குடைந்து உச்சியை வளைத்த மாடத்தில் வைத்தால், சுடர் அசையாது, புகையும் வளைவிலேயே கரியாகப் படியும். 1970-இல் அருகிலேயே எண்ணூர் அனல்மின் நிலையம் தோன்றிய பின்னரும், மின்சாரம் நின்ற இரவுகளில் மாடமே கைகொடுத்தது. கரியின்மேல் நிலக்கரிச் சாம்பலும் படிந்த மாடமொன்று வருங்காலப் புதைபொருள் ஆய்வாளர் கையில் அகப்படுமாயின், இவற்றுள் எது முந்திய நாகரிகம் என்று அவர் மயங்குவது திண்ணம்.

விளக்கில்லாப் பகற்பொழுதில் மாடம் வெறுமையாயிருக்கும் என்பது பூர்வபட்சம். இது பிரத்தியட்சத்துக்கு விரோதம். வலை ஊசி, தீப்பெட்டி, சுண்ணாம்பு டப்பி, பாதி குடித்து அணைத்த பீடி, பல் போன சீப்பு, ரேஷன் கார்டு ஆகிய யாவும் அங்கே சமரசமாய் வாசம் செய்யும். எது காணாமற்போனாலும், "மாடத்துல பாருடா, கண்ணு இன்னா பின்னாலயா கீது?" என்று ஆயா உள்ளிருந்தே தீர்ப்பளிப்பாள், அத்தீர்ப்புக்கு அப்பீல் இல்லை.

தெய்வங்களும் இவ்வசதியை அறியாதவரல்லர். சிவாலயக் கருவறையின் புறச்சுவர் மாடங்களைத் தெற்கே தட்சிணாமூர்த்தியும் மேற்கே லிங்கோத்பவரும் வடக்கே பிரமனும் வாடகையின்றி அனுபவித்து வருவது வழக்கம். சிற்பிகள் அவற்றைத் தேவகோஷ்டம் என்பர். ராஜேந்திர சோழன் காலத்தில் கற்றளியான திருவொற்றியூர் விமானமோ, யானையின் முதுகென வளைந்ததால், முழுமையுமே தூங்கானை மாடம் என்று பெயர் பெறும் வகையைச் சேர்ந்தது. மாடம் தெய்வங்களுக்கு மட்டும் உரியதன்று. ஒவ்வோர் உயிர்க்கும் இயற்கையில் தனக்கென ஓர் இடம் உண்டென்று, கலிபோர்னியப் பறவையொன்றை ஆராய்ந்து 1917-இல் எழுதிய ஜோசப் கிரின்னல் அவ்விடத்துக்கு வழங்கிய ‘நிச்’ (niche) என்ற பெயரும் ஆங்கிலத்தில் மாடத்தின் பெயரே. எண்ணூர்க் கழிச்சேற்று நண்டு அவரைப் படிக்காமலே வளை தோண்டிக்கொண்டது.

இத்தகைய மாடம் இன்று மறையக் காரணம் நாகரிகம் அன்று, சுவர் மெலிந்ததே. நாலரை அங்குலச் சுவரைக் குடைந்தால் அடுத்த வீட்டுச் சமையல் தெரியும். ஆதலின் வீடு கட்டும் அன்பர்கள் மேஸ்திரியிடம் பணிந்து, ஒரே ஒரு சுவரையேனும் ஒன்பது அங்குலமாக எழுப்பச் சொல்லி, அதில் அரைச்செங்கல் ஆழத்துக்கு ஒரு மாடம் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.