சுபவேளையும் சீனிக்கணக்கும்

என்னடா பேராண்டி, கையில பஞ்சாங்கத்தோட பறக்கிற? பொஞ்சாதிக்கு வியாழக்கெழம காலை 9.12க்கு சீசராமே! நம்ம அம்பிட்டிய குருமடம் 1893ல தொடங்கினது. அங்க வேதம் படிச்ச சாமிமாரே பொறக்கிற நேரத்தக் கடவுள்கிட்ட விட்டுட்டாங்க. ஒனக்கு மட்டும் டைம்டேபிள் வந்திருக்கு. கண்டி பஸ்சே நேரத்துக்கு வர்றதில்ல.

சரி, குரு உச்சத்துலயே நிக்கட்டும். புள்ள ரத்தத்துல சீனி எங்க நிக்கும்னு எந்தச் சோசியன் சொன்னான்?

வயித்துக்குள்ள இருக்கிற வரைக்கும் புள்ளைக்கு நச்சுக்கொடிதான் கூப்பன் கடை. ஆத்தா ரத்தத்துச் சீனி அது வழியா வந்துக்கிட்டே இருக்கும். கொடிய அறுத்ததும் கடைய சாத்திருவாங்க. ஒண்ணு ரெண்டு மணித்தியாலத்துல சீனி எறங்கும். சொகமான புள்ளைக்கே டெசிலீட்டருக்கு 30 மில்லிகிராம் வரைக்கும் போயிட்டு, அப்புறம் ஏறும். எதை வச்சி ஏறும்? ஈரல்ல சேத்து வச்சத எடுத்து. அந்த ஈரலத் தட்டி எழுப்புறதுல பிரசவ வலிக்குப் பெரிய பங்கு. ஆத்தா வலியில கத்துறப்ப, உள்ள நெருக்குப்படுற புள்ள ஒடம்புல அட்ரினலின், கோர்ட்டிசோல் எல்லாம் பொங்கிச் சீனியத் தூக்கிவிடும். வலியே வராம, நாள் குறிச்சி எடுத்த புள்ளைக்கு அது கொறவு. மொத சில மணித்தியாலம் சீனி கொஞ்சம் கீழ நிக்கலாம். போதாததுக்கு தியேட்டர் குளிரு, பால் குடுக்கச் சுணக்கம்.

என்ன மொறைக்கிற? ஒன் பெரியத்தை ஆஸ்பத்திரியில வேலை பாத்தவ. திண்ணையில காதுல விழுந்ததுதான் இம்புட்டும்.

சீசர் வேணாம்னு நான் சொல்லல. நச்சுக்கொடி வாசல அடைச்சிக்கிட்டிருந்தா கத்திதான் சாமி. டாக்டர் சொன்னா ராகு காலத்துலயும் போ. ஆனா ஒன் வியாழக்கெழமைக்காக 39 வாரம் முடியாம எடுக்கச் சொல்லிக் கெஞ்சாத. மாசம் நெறையாத புள்ள ஈரல்ல சேமிப்புக் கம்மி. ஒன் பொஞ்சாதிக்கு வேற கிளினிக்ல சீனி இருக்குன்னாங்க. அப்புடிப்பட்ட புள்ள ஒடம்புல இன்சுலின் கூடிப்போயிருக்கும், கொடிய அறுத்தாலும் ஒடனே அடங்காது. குதிகால்ல குத்தி ரத்தம் பாப்பாங்க. நர்ஸ் மிஸ்ஸியோட சண்டைக்கு நிக்காத.

எப்புடிப் பொறந்தாலும் சட்டுன்னு ஆத்தா நெஞ்சுல போடச் சொல்லிக் கேளு. ஒரு மணித்தியாலத்துக்குள்ள சீம்பால் குடுக்கணும். துளிதான் வரும், கொறைன்னு மூஞ்சியத் தூக்காத. புள்ள துவண்டு கெடந்தாலோ, கை காலு வெடவெடத்தாலோ, எனக்குப் போன் போட்டுக்கிட்டு நிக்காம மிஸ்ஸியக் கூப்புடு. கன்னத்துக்குள்ள தடவுற சீனி ஜெல் ஒண்ணு இருக்கு. நியூசிலாந்துல சோதிச்சி, பலன் இருக்குன்னு 2013ல எழுதினாங்க. அது ஆஸ்பத்திரிக்காரங்க வேலை.

ஒம் மாமியா பைக்குள்ள ஒளிச்சி வச்சிருக்கிற கித்துள் பாணி இருக்கே, அது வேற. பொறந்த புள்ள நாக்குல தடவி சேனை வைக்கப் போறாளாம்! அந்தப் போத்தல இங்க எடு. எனக்கு ரொட்டிக்கு ஆகும். எனக்குச் சீனி வருத்தம்னு எவன் சொன்னான்? மிஸ்ஸி சொன்னது போன மாசக் கணக்குடா.