கதவு தொறக்க மாட்டேங்குது தாத்தா

"தாத்தா, தப்பிச்சிருச்சு!"ன்னு கத்துதான் பேரன். நான் பதறி எந்திரிச்சு தொழுவத்துக்கு ஓடுதேன். ஆடு அஞ்சும் நின்ன எடத்துல நின்னு அசை போடுது. எதுடா தப்பிச்சதுன்னு கேட்டா, கையில இருக்க பொட்டியக் காட்டுதான். லேட்டியோசாம். நீலமும் வெள்ளையுமா றெக்கை வச்ச ஒண்ணு. ஓரிடத்துல தங்காதாம், ஊர் ஊராச் சுத்துமாம். எதிர்ப்பட்டா ஒரு அடிக்கு மேல நிக்காதாம், ஓடிருமாம். "இன்னைக்கு மட்டும் ஒம்பது தடவை ஓடிருச்சு தாத்தா."

கடன் வாங்குனவன் அப்படித்தாம்டா ஓடுவான்னேன். அவன் சிரிக்கலை.

ஏ தம்பி, நீயும் அந்தச் சோலிக்காரன்தானே? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. கண்ணு ரெண்டும் உள்ள போயிருக்கு. இப்படித் திண்ணையில உக்காரு. எனக்கு அந்தப் பொட்டியப் பத்தி என்ன தெரியும்னு நெனைக்காத. ஒரு கோடை லீவு பூரா இவன் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன். எழுவத்தஞ்சு வயசுல எனக்கு வேற என்ன வேலை?

அது இவன் தாய்மாமன் சின்னப்பிள்ளையில ஆடுன பொட்டி. கேம்பாய் அட்வான்ஸ்னு பேரு. உள்ள சொருகுற ஆட்டம் போக்கிமான் ரூபி. 2002ல ஜப்பான்ல வந்தது. மாமனுக்கு இப்ப மீசை நரைச்சிருச்சு, பொட்டி நரைக்கலை. ஜப்பான்ல கியூஷுன்னு ஒரு தீவு இருக்கு பாரு, அதப் பாத்து வரைஞ்ச ஊராம். காடு, ஆறு, கடல், எரிமலை எல்லாம் உண்டு. அதுக்குள்ள புல்லுல, தண்ணியில, குகையில பிராணிக ஒளிஞ்சிருக்கும். அடிச்சுக் களைக்க வச்சு, பந்த எறிஞ்சு உள்ள அடைக்கணும். அம்புட்டுத்தான் சோலி.

அம்புட்டுத்தான்னா எதுக்குடா ராத்திரி ஒரு மணி வரைக்கும் முழிச்சிருக்க?

ஒவ்வொரு பிராணிக்கும் உள்ள ஒரு மார்க்கு போட்டு வச்சிருக்கான் ஆட்டத்தச் செஞ்சவன். மார்க்கு கூடுனா சுளுவா சிக்கும். தெருவோரமாத் திரியுற ஜிக்ஸகூனுக்கு 255. அது பந்தப் பாத்தாலே தானா வந்து ஏறிக்கிடும். ராசா பிராணிக்கு, உங்க பாஷையில லெஜண்டரிக்கு, பெரும்பாலும் 3. படிக்கிறவன் 3 மார்க்கு எடுத்தா வீட்டுல அடி விழும். இங்க 3 மார்க்கு எடுத்தவன்தான் ராசா. என்ன நியாயமோ!

இந்த 3 மார்க்கு ராசாவ எப்படிப் பிடிக்க? பேரன் ஆரம்பத்துல செஞ்சத சொல்லுதேன் கேளு. இருக்கதுலயே முரட்டு ஆளா எறக்கி ஓங்கி ஒண்ணு விட்டான். ராசா செத்து விழுந்துட்டாரு. போச்சு. செத்த பிராணி மேல பந்து எறிய முடியாது. "பலமா அடிச்சேன் தாத்தா"ங்கான். கொசுவ அடிக்கவா போன, கன்னுக்குட்டியப் பிடிக்கல்லா போன?

அடி விழணும், ஆனா உசிர் தங்கணும். இதுக்குன்னே ஃபால்ஸ் ஸ்வைப்னு ஒரு அடி வச்சிருக்கான். எப்படி அடிச்சாலும் ஒரு புள்ளி உசிர விட்டு வைக்கும். எங்க ஊர் வாத்தியார் அடி அந்த மாதிரி. அப்புறம் தூங்க வைக்கணும். தூக்கத்துல இருந்தா சிக்குற தரம் ரெண்டு மடங்கு. கை கால் விளங்காமப் போனா ஒண்ணரை மடங்கு. அல்ட்ரா பால்னு தரமான பந்து எறிஞ்சா அதுக்கு மேல ரெண்டு மடங்கு. இதெல்லாம் கூட்டிப் பெருக்கிப் பாத்தாலும் நூறு பந்துக்கு நாலோ அஞ்சோதான் நிக்கும். நம்ம ஊர் லாட்டரிச் சீட்டு இத விட மோசமா இருந்துச்சுங்கதையும் சொல்லிருதேன்.

பந்து எறிஞ்ச பொறவு ஒரு கூத்து நடக்கும் பாரு. பந்து தரையில கிடந்து இப்படியும் அப்படியும் ஆடும். அந்நேரம் பேரன் பி பொத்தானை அழுத்திப் பிடிச்சிக்கிட்டு, பல்லக் கடிச்சிக்கிட்டு, மூச்ச அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கான். எதுக்குடா? அழுத்திப் பிடிச்சா பந்து உடையாதாம். யாரு சொன்னா? மாமன் சொன்னான். மாமனுக்கு யாரு சொன்னா? மாமனோட பள்ளிக்கூடத்துல எவனோ ஒருத்தன். பந்து கைய விட்டப்பவே உள்ள கணக்கு முடிஞ்சு போச்சுடா. மலை ஏறுற பஸ்ஸுல உள்ள உக்காந்துக்கிட்டு முன் சீட்டத் தள்ளுனா பஸ்ஸு சுருக்கா ஏறுமா? ஆனா ஒண்ணு. உலகம் பூரா எந்த ஊர்ல எந்தப் பிள்ளை ஆடுனாலும் இந்தப் பொத்தானை அமுக்குது. நம்ம ஊர்ப் பிள்ளை மாதிரி வெளியூர்ப் பிள்ளையும்தான். எல்லா ஊர்லயும் தாயத்து விக்கிறவன் பொழைச்சுக்கிடுவான்.

அப்புறம் மாஸ்டர் பால்னு ஒண்ணு. நான் டீக்கடை மாஸ்டர் ஊத்துற பாலுன்னு நெனச்சேன். இல்லையாம். அதுவும் பந்துதான். எறிஞ்சா குறி தப்பாது. எந்த ராசாவா இருந்தாலும் உள்ள போயிரும். கதைப்போக்குல ஒரே ஒண்ணுதான் கிடைக்கும். சரி, எறியேண்டாங்கேன். "இல்ல தாத்தா, இத விடப் பெரிசு ஒண்ணு வரும்." வந்தது. எறியலை. அடுத்ததும் வந்தது. எறியலை. ஆட்டம் முடிஞ்சு போச்சு. பந்து பையிலயே கிடக்கு. மாமன் ஆடுன ஆட்டத்துலயும் அது பையிலயேதான் கிடந்துச்சாம். உங்க ஆச்சி கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச்சேலை இப்படித்தான் டிரங்குப் பொட்டியில கிடந்துச்சு. நல்ல நாளுக்குக் கட்டணும், நல்ல நாளுக்குக் கட்டணும்னு வச்சு வச்சு, கடைசியில பூச்சிக கட்டிக்கிட்டுப் போச்சு.

பூச்சின்னதும் ஞாபகம் வருது. இந்த ஆட்டத்த மொதல்ல ரோசனை பண்ணுன ஆளு சதோஷி தஜிரின்னு ஒருத்தர். டோக்கியோ ஓரத்துல மச்சிதாங்குற ஊர்ல வளந்தவரு. சின்னதுல பூச்சி பிடிக்கதுதான் சோலி. கூட்டாளிக அவருக்குப் பூச்சி டாக்டர்னே பேரு வச்சிருந்தாகளாம். மத்த பிள்ளைக மரப்பட்டையில தேனத் தடவிட்டு வண்டுக்குக் காத்துக் கெடக்கும். இவரு அப்படி இல்ல. வண்டு பகல்ல தூங்கும், கல்லுக்கு அடியில தூங்கும்னு கவனிச்சு வச்சிருந்தாரு. மரத்தடியில ஒரு கல்லப் போட்டுட்டுப் போயிருவாரு. விடிஞ்சு வந்து கல்லப் புரட்டுனா வண்டு படுத்திருக்கும். பாத்தியா? ஓடலை, அடிக்கலை, பந்து எறியலை. அது எங்க தூங்கும்னு தெரிஞ்சிருந்துச்சு. பின்னால அந்த ஊர்ல வயக்காடெல்லாம் கட்டடமாப் போச்சு. வண்டும் போச்சு. அந்தத் தவிப்புலதான் 1996ல இந்த வரிசையில மொத ஆட்டம் வந்திச்சு. ரெண்டு பொட்டிக்கு நடுவுல ஒயரப் போட்டா அது வழியா வண்டு ஊர்ந்து போற மாதிரி அவருக்கு மனசுல தோணுச்சாம்.

நாங்களும் பொன்வண்டு பிடிச்சவுகதான். தீப்பெட்டிக்குள்ள வேல இலையக் கிள்ளிப் போட்டு அடைச்சு, பள்ளிக்கூடத்துல காதுல வச்சுக் கேப்போம். கர்ருபுர்ருன்னு பிராண்டும். முட்டை வச்சிருந்தா அன்னைக்கு நாமதான் பண்ணையாரு. ஆனா ராத்திரி ஒரு மணிக்கு எந்திரிச்சு அதோட மார்க்கு என்னன்னு பாத்ததில்ல.

இப்ப ஒரு மீனப் பத்திச் சொல்லுதேன். இதுதான் எனக்குப் பிடிச்ச எடம். ஃபீபாஸ்னு பேரு. அசிங்கமான மீனு. பொறிஞ்ச செதிலும் கிழிஞ்ச துடுப்புமா, ஓடையில செருப்பு மிதந்து வர்ற மாதிரி இருக்கும். சண்டைக்கு ஆகாது. பிடிக்கது சுளுவு, அதுக்கும் மார்க்கு 255தான். ஆனா கண்டுபிடிக்கதுதான் பாடு. 119ன்னு நம்பர் போட்ட பாதையில ஒரு ஆறு ஓடுது. ஆத்தத் தரை ஓடு பதிச்ச மாதிரி கட்டம் கட்டமாப் பிரிச்சிருக்கான், நூத்துக்கணக்குல கட்டம். அதுல ஆறே ஆறு கட்டத்துலதான் இந்த மீனு இருக்கு. மத்த கட்டத்துல வருசக்கணக்கா தூண்டில் போட்டாலும் வராது.

பேரன் ஒரு நோட்டுல ஆத்த வரைஞ்சு கட்டம் போட்டு, போட்டுப் பாத்த கட்டத்துக்கு இண்டு அடிச்சுக்கிட்டே வந்தான். நாலு நாளு. அந்த நாலு நாளும் அவன என் பேரன்னு நான் வெளிய பெருமையாச் சொன்னேன். ஏன்னு கேளு. எங்க கம்மாயில விரால் பிடிக்கதும் அப்படித்தானே! சும்மா எறங்கித் துழாவுனா சேறுதான் மிஞ்சும். கரையில குத்தவச்சுப் பாக்கணும். ஒரு எடத்துல குஞ்சுக சிவப்பாக் கூட்டமா மேல வந்து வந்து போகும். அதுக்கு அடியில பெரிசு காவலுக்கு நிக்கும். அந்த ஒரு முழத்தண்ணி தெரிஞ்சவனுக்குத்தான் அன்னைக்குக் குழம்பு.

இதுல ஒரு நையாண்டியும் வச்சிருக்கான். டியூஃபோர்டுன்னு ஒரு ஊரு. அங்க ஊருக்குள்ள இப்ப என்ன பேச்சு அடிபடுதுன்னு ஒரு பையன் சொல்லுவான். அந்தப் பேச்சு மாறிச்சுன்னா, எங்கயோ இருக்க ஆத்துல மீனு கட்டத்த மாத்திக்கிட்டுப் போயிரும். நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். நம்ம டீக்கடை பெஞ்சுல பேச்சு மாறுறதுக்கெல்லாம் கம்மா மீனு எடம் மாறணும்னா, அதுக பாவம், நீந்தி நீந்தியே செத்துப் போகும்.

அஞ்சாம் நாளு செருப்பு மாட்டுச்சு. அப்புறம் அதுக்கு நீல நிறத்துல உருண்டை பிடிச்சு ஊட்டி ஊட்டி அழகு கூட்டுனான். அழகு ஒரு அளவுக்கு ஏறுன பொறவு மிலோட்டிக்னு ஒண்ணா மாறிச்சு பாரு, யாத்தே! நீளமா, வழவழன்னு, வாலு விசிறி மாதிரி. லேட்டியோசுக்கு அழுதவன் இத ஒரு வார்த்தை சொல்லிப் பீத்திக்கலை. ராசா பிராணின்னு பேரு எழுதி ஒட்டாததுக்கு மதிப்பு இல்ல போல.

ஷைனின்னு வேற ஒண்ணு சொல்லுவான். அதே பிராணி, சாயம் மட்டும் வேற. அந்த ஆட்டத்துல 8192க்கு ஒண்ணுதான் அப்படி வரும். பலம் கூடுமாடான்னு கேட்டேன், கூடாதுங்கான். செவலைக்குப் பிறந்த வெள்ளைக் கன்னு கூடுதலாவா உழும்? விடு.

எல்லாத்துக்கும் மேல மியூ கதை. மொத ஆட்டத்துல 150 பிராணின்னு ஊருக்குச் சொல்லிட்டு, கடைசி நேரத்துல மோரிமோட்டோங்குற ஆளு மிச்சமிருந்த துளி எடத்துல 151ஆவதா ஒண்ண ஒளிச்சு வச்சிட்டாரு. 300 பைட்டாம் அந்த எடம். மாவுச் சட்டி ஓரத்துல வழிச்ச மாவுல ஒரு குட்டி தோசை ஊத்துன மாதிரி. அது காட்டுல கிடைக்காது. ஒரு பத்திரிகை 20 பேருக்குத் தாரோம்னு சொல்ல, 78,000 பேரு எழுதிப் போட்டாகளாம். கிடைக்காதவன் சும்மா இருப்பானா? ஆட்டத்துல வர்ற துறைமுகத்துல ஒரு லாரி நிக்குது, அத நகத்துனா அடியில மியூ இருக்குன்னு கெளப்பி விட்டான் ஒருத்தன். பிள்ளைகளெல்லாம் போயி லாரியத் தள்ளோ தள்ளுன்னு தள்ளுச்சு. லாரி அசையலை. பின்னால 2004ல அந்த ஆட்டத்தப் புதுப்பிச்சப்ப லாரிப் பக்கத்துல ஒரு பிஸ்கட்ட வச்சானுக. அம்புட்டுத் தள்ளுக்கும் அதுதான் கூலி.

சரி, என் கதைக்கு வாரேன். ரெஜியைஸ்னு பனிக்கட்டிப் பூதம் ஒண்ணு. தீவுல ஒரு குகைக்குள்ள இருக்கு. சுவத்துல பார்வை இல்லாதவுக தடவிப் படிக்கிற புள்ளி எழுத்து. பேரன் ஒரு நாள் பூரா அதக் கூட்டிக் கூட்டிப் படிச்சான். அதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா? அசையாம நில்லு. ரெண்டு நிமிசம். எதையும் தொடாத. கதவு தானாத் தொறக்கும்.

நின்னான். முப்பது எண்ணுறதுக்குள்ள கட்டை விரலு துடிக்கு. "தொறந்திருக்குமா?"ன்னு ஒரு பொத்தானை அமுக்குனான். போச்சு, மறுபடி மொதல்ல இருந்து. அடுத்த தரம் கொசு கடிச்சு அமுக்கிட்டான். அடுத்த தரம் சும்மாவே அமுக்கிட்டான். அஞ்சு தடவை. "கதவு தொறக்க மாட்டேங்குது தாத்தா"ன்னு அழுகை முட்டிக்கிட்டு வருது. அண்டசராசரத்தையும் அடிச்சு நொறுக்குன ஆளுக்கு ரெண்டு நிமிசம் கைய வச்சிக்கிட்டு இருக்க முடியலை.

கொண்டா இங்கன்னு வாங்கி மடியில வச்சேன். சாப்பிட்ட மயக்கம், வேப்பமரத்துக் காத்து. எப்ப கண்ணு சொருகுச்சுன்னு தெரியலை. "தொறந்திருச்சு!"ன்னு கத்துன சத்தத்துல முழிச்சேன்.

பொட்டியப் பறிச்சிக்கிட்டு உள்ள பாய்ஞ்சான். பூதம் நிக்குது, நிலை நாற்பது. இவன் எறக்குனது பிளாஸிகன். அது யாரு தெரியுமா? சண்டைச் சேவலு. நெருப்பும் கக்கும், உதைக்கவும் உதைக்கும். பனிக்கட்டிக்கு ரெண்டும் ஆகாது. நான் "ஏலே, மெதுவா, மெதுவா"ங்கறதுக்குள்ள சேவல் எம்பி தாடையில ஒரு குத்து விட்டுச்சு.

பூதம் போயி சேந்துருச்சு.

ரொம்ப நேரம் ரெண்டு பேரும் பேசலை. சேவ் பண்ணியாடான்னு கேட்டேன். கடைசியாப் பண்ணுனது கதவு தொறக்குறதுக்கு முன்னாலன்னான். அணைச்சான், போட்டான். மறுபடியும் புள்ளி எழுத்துச் சுவரு. மெல்ல என் பக்கம் நகந்து வந்து பொட்டிய மடியில வச்சான்.

"தாத்தா, இன்னொரு தடவை தூங்குதீகளா?"

இப்பத்தாம்ல காப்பி குடிச்சேன்.